பாரிஸ் புறநகர்ப் படங்களில் பதின்வயது: வர்க்கம், நிறம், முகவரி

2023 ஜூன் 27 அன்று, பாரிஸுக்கு மேற்கே உள்ள நான்தேரில் போலீஸார் ஒரு காரை மறித்தார்கள். கார் மறுபடி நகரத் தொடங்கியதும், ஓட்டிவந்த 17 வயதுப் பையனை அவர்களில் ஒருவர் சுட்டுக் கொன்றார். அடுத்த பல இரவுகள் பிரான்ஸின் ஊர் ஊராகக் கார்களும் பேருந்துகளும் எரிந்தன. அந்த நாட்களில், பாரிஸ் புறநகர் இளைஞர்களைப் பற்றி 1995இல் வந்த 'லா ஹெய்ன்' என்ற கருப்பு வெள்ளைப் படம் மறுபடியும் பேச்சுக்கு வந்தது. தமிழர்களில் பலருக்கு இந்தப் புறநகர் உலகம், ஈழத்து அகதிகளைப் பற்றிய 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படம் வழியாகத்தான் அறிமுகம்.

இரண்டையும் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் பிரான்ஸிலேயே பிறந்தவர்கள், பிரெஞ்சுக் குடிமக்கள். அப்படியிருக்க இந்தக் கோபம் வறுமையால் வந்ததா, நிறத்தால் வந்ததா, இல்லை வெறும் வயசுக்கோளாறா? மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்பதுதான் இந்த வகைப் படங்கள் 30 ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில். மூன்றும் ஒரே முகவரிக்குள் வந்து சேர்ந்தவை. எப்படிச் சேர்ந்தன என்று தெரியாவிட்டால் படங்களில் கலவரம் மட்டுமே கண்ணில் படும்.

முதலில் இடம்

'பன்லியூ' என்றால் புறநகர், அவ்வளவுதான். பாரிஸின் பெரும் பணக்காரர்கள் வாழும் நெய்யியும் பன்லியூதான். அது நான்தேருக்கு மிக அருகிலேயே இருக்கிறது. ஆனால் செய்தியில் அந்தச் சொல் வரும்போது எல்லோரும் நினைப்பது 'சிட்டே' எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்புகளை. குறைந்த வாடகைக்கு விடப்படும் அரசு சார்ந்த கட்டடங்கள் அவை.

இவை தண்டனையாகக் கட்டப்பட்டவை அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்ஸில் வீடில்லாதவர்கள் ஏராளம். 1954இன் கடுங்குளிரில் தெருவில் மக்கள் உறைந்து சாக, அபே பியர் என்ற பாதிரியார் வானொலியில் உதவி கேட்டுக் குரல் கொடுத்தது நாட்டையே உலுக்கியது. 1958 கடைசியில் வந்த அரசாணை பெரிய அளவில் குடியிருப்புகள் எழும்ப வழிசெய்தது. முதலில் குடிவந்தவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே குளியலறை, சூடேற்றும் வசதி எல்லாம் கனவு நனவான மாதிரி. அவர்களில் பெரும் பகுதி வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்கள். அல்ஜீரியத் தொழிலாளர்கள் பலர் அப்போதும் நான்தேரின் தகரக் குடிசைகளில்தான் இருந்தார்கள்.

பிறகு மூன்று திருப்பங்கள்:

1. 1973இல் இத்தகைய பெருங்குடியிருப்புகள் கட்டுவதை அரசு நிறுத்தியது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் கடன் வாங்கித் தனிவீட்டுக்குப் போய்விட்டார்கள்.

2. 1974இல் வேலைக்காக வெளிநாட்டினரை வரவழைப்பதும் நின்றது. அதுவரை ஊருக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்த ஆண்கள், போனால் திரும்பி வர முடியாது என்பதால் தங்கிவிட்டு, குடும்பத்தை வரவழைத்தார்கள். காலியான மாடிவீடுகளில் அவர்கள் குடியேறினார்கள்.

3. அதே காலத்தில் அப்பாக்களுக்குச் சோறு போட்ட தொழிற்சாலைகள் ஆட்குறைப்பில் இறங்கின.

ஆக, 1980களின் தொடக்கத்தில் அங்கே மிஞ்சியவர்கள் வெளியேற வழியில்லாதவர்கள். 1981 கோடையில் லியோன் அருகே மாங்கெத் குடியிருப்பில் கார்கள் எரிந்தன. 1983 அக்டோபரில் மார்செய்யிலிருந்து சில இளைஞர்கள் இனவெறிக்கு எதிராக நடக்கத் தொடங்கினார்கள். டிசம்பர் 3 அன்று பாரிஸை அடைந்தபோது ஏறத்தாழ 1 லட்சம் பேர் கூடியிருந்தார்கள். அந்த இடங்கள் முதலில் தொழிலாளி வர்க்கத்தின் வீடாக இருந்தன. நிறம் அதன்மேல் பிறகு படிந்தது.

எண்ண மறுக்கும் அரசு

பிரெஞ்சு அரசமைப்பின் முதல் பிரிவு, பிறப்பு, இனம், மதம் எதையும் பார்க்காமல் குடிமக்கள் அனைவரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. இதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் யார் கருப்பர், யார் அரேபியர் என்று கேட்பதில்லை. இத்தகைய தகவல் சேகரிப்பை 1978ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. விதிவிலக்கு தேடி வந்த ஒரு முயற்சியை அரசமைப்பு மன்றம் 2007இல் ரத்து செய்தது. இந்தத் தயக்கத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. நாஜி ஆக்கிரமிப்பின்போது யூதர்களைப் பட்டியலிட்ட அரசு அது.

பள்ளிச் சேர்க்கைக்கே சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போகும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகப் படும். எண்ணவே இல்லையென்றால் பாகுபாட்டை எப்படி நிரூபிப்பது? சுற்றி வளைத்துத்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் அரசு அமைப்பான உரிமைப் பாதுகாவலர் அலுவலகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கருப்பர் அல்லது அரேபியர் என்று பிறர் கண்ணுக்குத் தெரியும் இளம் ஆண்களில் 80 சதவீதம் பேர், முந்தைய 5 ஆண்டுகளில் போலீஸ் தங்களை நிறுத்தி அடையாள அட்டை கேட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்களில் அது 16 சதவீதம்.

இந்தப் பின்னணியில்தான் அந்தப் படங்களுக்கு இவ்வளவு கனம் சேர்கிறது. படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தைக் கேமரா நிரப்புகிறது. முகத்தைக் காட்டாமல் படம் எடுக்க முடியாது அல்லவா?

'லா ஹெய்ன்' இதைச் சாமர்த்தியமாகச் செய்தது. 1993இல் பாரிஸ் காவல் நிலையம் ஒன்றில் விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட 17 வயது கருப்பினப் பையன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானதிலிருந்து பிறந்த கதை அது. இயக்குநர் மத்தியூ காசோவிட்ஸ் ஒரு யூதன், ஒரு அரேபியன், ஒரு கருப்பன் என மூன்று நண்பர்களை ஒரே நாளுக்குள் நடக்கவிடுகிறார். மூவரையும் சேர்ப்பது இனம் அல்ல, ஒரே குடியிருப்பு. அதிகம் கொதிப்பவன், கீழே கிடந்த போலீஸ் துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொள்பவன், வெள்ளைத்தோல் யூதனான வின்ஸ். நிதானமாக இருப்பவன் கருப்பனான ஊபேர். பார்வையாளரின் எதிர்பார்ப்பைத் திட்டமிட்டுத் தலைகீழாக்கிய ஏற்பாடு இது.

ஆனால் மூவரும் பாரிஸ் நகருக்குள் போனதும் போலீஸ் வருகிறது. அரேபியனும் கருப்பனும் மாட்டிக்கொள்கிறார்கள். வின்ஸ் ஓடித் தப்பிக்கிறான். காவல் நிலையத்தில் அந்த இருவரையும் கட்டிவைத்துச் சித்திரவதை செய்வதை ஒரு புதுப் போலீஸ்காரன் நெளிந்துகொண்டே பார்க்கிறான். நிறம்தான் காரணம் என்று படத்தில் யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அதே படத்தில் இன்னொரு காட்சி. கலவரத்துக்கு மறுநாள் ஒரு தொலைக்காட்சிக் குழு வருகிறது. செய்தியாளர் காரைவிட்டு இறங்காமலே, கீழே நிற்கும் மூவரிடமும் நேற்று கலவரத்தில் கலந்துகொண்டீர்களா என்று கேட்கிறார். இது துவாரி இல்லை என்று ஊபேர் எரிச்சலோடு பதில் தருகிறான். துவாரி, பாரிஸுக்கு அருகே காரில் இருந்தபடியே விலங்குகளைப் பார்க்கும் பூங்கா. அந்தப் படம் வந்ததும் பிரதமர் அலென் ஜூப்பே அதை அமைச்சர்களுக்குப் போட்டுக்காட்டினார். கார்க் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வகுப்பறையில்தான் கதை

என் மதிப்பீட்டில் இந்த வகைப் படங்களின் உச்சம் தெருச்சண்டைக் காட்சிகளில் இல்லை. வர்க்கம் எப்படி ஒரு பிள்ளையின் மேல் எழுதப்படுகிறது என்பது பள்ளிக்கூடக் காட்சிகளில்தான் துலக்கமாகத் தெரிகிறது. காரணம் எளிது. பிரான்ஸில் ஏறத்தாழ 15 வயதில், நடுநிலைப் பள்ளி முடியும்போது, ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் பொதுக் கல்விக்குப் போகுமா, தொழிற்கல்விக்குப் போகுமா என்பது தீர்மானமாகிறது. சிட்டேக்களின் பள்ளிகளில் தொழிற்கல்விப் பக்கம் தள்ளப்படுகிறவர்கள் அதிகம்.

செலின் சியாமா இயக்கிய 'பாண்ட் த ஃபீய்' (2014) படத்தில் 16 வயது மரியம் ஆலோசகரின் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பொதுக் கல்விக்குப் போக வேண்டும் என்கிறாள். மதிப்பெண் போதாது, தொழிற்பயிற்சிதான் என்று பதில் வருகிறது. எல்லோரையும் போல இருக்க ஆசைப்படுகிறேன் என்று கெஞ்சுகிறாள். காட்சி முழுக்கக் கேமரா அவள் முகத்தைவிட்டு நகர்வதில்லை. எதிரே இருப்பவரின் குரல் மட்டும் கேட்கிறது. அந்தக் குரலில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அவளுடைய அம்மா அலுவலகங்களைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார். மகளுக்கும் அதே வேலை காத்திருக்கிறது. மரியம் தெருக்கூட்டத்தில் சேர்வது இதற்குப் பிறகுதான். 'கெட்ட சகவாசம்' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் விஷயத்துக்கு முன்னால் ஒரு மேசையும் ஒரு கோப்பும் இருந்தன.

லோரான் காந்தேவின் 'ஆந்த்ர லே முய்ர்' (2008, கான் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கப் பனை) ஏறக்குறைய முழுவதும் ஒரே பள்ளிக்குள் நடக்கிறது. ஆசிரியராக நடித்தவர் நிஜ வாழ்விலும் ஆசிரியராக இருந்த பிரான்சுவா பெகோதோ. மாணவர்கள் நடிப்பு அனுபவமில்லாத நிஜப் பிள்ளைகள். இலக்கணம் சொல்லித்தரும்போது அவர் கரும்பலகையில் எழுதும் வாக்கியத்தில் 'பில்' என்று ஒரு பெயர் வருகிறது. இரண்டு பெண்கள் விடுவதாக இல்லை: ஏன் எப்போதும் இந்த மாதிரிப் பெயர்களே? வகுப்பில் இருப்பவர்களின் பெயர் ஒன்றை ஏன் போடக்கூடாது? ஆசிரியர் சிரித்து மழுப்பப் பார்க்கிறார். இனம் பற்றி ஒரு வார்த்தை வராமலே முழு விவாதமும் அதைப் பற்றியே நடக்கிறது.

அதே படத்தின் பின்பகுதியில், மாலியிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் சுலெய்மான் ஒழுங்கு விசாரணைக் குழு முன் நிற்கிறான். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. தன்னைப் பள்ளியைவிட்டு நீக்கலாமா என்ற விசாரணையில், அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளனும் அவன்தான். குற்றம் சாட்டப்பட்டவனே தன் அம்மாவின் சாட்சியத்தையும் மொழிபெயர்க்க வேண்டிய நிலை.

அப்துல்லத்தீஃப் கெஷிஷின் 'லெஸ்கீவ்' (2003) இவற்றுக்கெல்லாம் முன்னால் வந்தது. 2005இல் சிறந்த படம் உட்பட, பிரான்ஸின் தேசியத் திரைப்பட விருதான சேசார் நான்கைக் குறைந்த செலவில் எடுத்த இந்தப் படம் அள்ளியது. சிட்டே பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மாரிவோ என்ற நாடக ஆசிரியரின் 1730ஆம் ஆண்டு நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். எஜமானர்களும் வேலைக்காரர்களும் உடை மாற்றிக்கொண்டு காதலிக்கும் கதை அது. ஆசிரியை அதை விளக்குகிறார்: வேடம் மாறினாலும் பணக்காரர் பணக்காரரைத்தான் காதலிக்கிறார், ஏழை ஏழையைத்தான்; பிறந்த இடத்தைவிட்டு யாராலும் வெளியே வர முடிவதில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் இதைவிடக் கொடூரமான பாடத்தை யாரும் சொல்லித்தர முடியாது. கொஞ்ச நேரத்தில் அதே ஆசிரியை, வசனம் வாயில் வராமல் திணறும் க்ரிமோ என்ற பையனிடம், உன்னைவிட்டு வெளியே வா என்று கத்துகிறார்.

இதில் நாடகக் கதாநாயகியாக நடிக்கும் லிதியா வெள்ளைக்காரப் பெண். ஆனால் அவள் பேச்சு, கை வீச்சு, அரபுச் சொற்கள் கலந்த சத்தியம் எல்லாம் தோழிகளுடையதே. அங்கே பதின்வயதுப் பேச்சுக்கு நிறம் கிடையாது, முகவரிதான் உண்டு. அப்புறம் ஒரு போலீஸ் கார் வந்து நிற்கிறது. எல்லோரையும் முரட்டுத்தனமாகச் சோதிக்கிறார்கள். கலவரமோ துப்பாக்கியோ இல்லாமல், ஒரு மதிய நேரத்துச் சோதனையாகவே வந்து போவதால் அந்தக் காட்சி மனதைவிட்டு அகல மறுக்கிறது.

'தீபன்': நம்முடைய பிள்ளை, அவர்களுடைய பிள்ளைகள்

ழாக் ஒடியாரின் 'தீபன்' 2015இல் தங்கப் பனை வென்றபோது தமிழர்களுக்கு அது கொண்டாட்டம். ஷோபாசக்தியும் காளீஸ்வரி சீனிவாசனும் நடித்தது, பெரும்பகுதி தமிழிலேயே பேசியது, எல்லாமே பெருமைக்குரியவைதான். இறந்துபோன குடும்பத்தின் கடவுச்சீட்டில் வந்த ஒரு ஆண், ஒரு பெண், இளையாள் என்ற 9 வயதுச் சிறுமி. மூவருக்கும் இரத்த உறவு கிடையாது; பாரிஸ் அருகே ஒரு சிட்டேயில் ஒரே குடும்பமாகக் குடியேறுகிறார்கள்.

இந்தப் படத்தில் அடையாளம் பற்றி அதிகம் சொல்வது இளையாள்தான். பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் அவளை உட்காரவைக்கிறார்கள். சீக்கிரமே அவள்தான் வீட்டின் நாக்கு. பெரியவர்களுக்குச் சொல் எடுத்துத் தருகிறாள். புலம்பெயர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய அனுபவம்: தபாலில் வந்த அரசுக் கடிதத்தைப் பிள்ளை படிக்கிறது, அப்பா கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

ஆனால் அதே படம் எதிர்க்கட்டட இளைஞர்களை எப்படிக் காட்டுகிறது? பெரும்பாலோர் பெயரில்லாத போதைக்கும்பல். தீபன் தரையில் வெள்ளைக்கோடு போட்டு, சுடக்கூடாத பகுதி என்று அறிவிக்கும் இடம் 2009ஐ அறிந்த எந்தத் தமிழருக்கும் சுருக்கென்று தைக்கும். ஒடியார் அதைத் தெரிந்தே வைத்திருக்கிறார். எனினும் விளைவு என்னவென்றால், வன்னிப் போர்க்களமும் பாரிஸ் சிட்டேயும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. உழைக்கும் நல்ல அகதி ஒருபக்கம், பொறுக்கிப் பையன்கள் மறுபக்கம். கடைசியில் அவர்கள் போய்ச் சேரும் இங்கிலாந்து சொர்க்கமாகத் தெரிகிறது. அந்தப் பையன்களும் இன்னொரு அகதியின், இன்னொரு கூலித் தொழிலாளியின் பிள்ளைகள். இளையாளுக்கு 16 வயதாகும்போது அவளும் அதே படிக்கட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். படம் அந்தக் கணக்கைப் போடவில்லை. நாமும் கைதட்டும் அவசரத்தில் போடவில்லை.

பிரிட்டனில் வேறு சிக்கல்

ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. அங்கே 1991 முதலே கணக்கெடுப்பில் இனப் பிரிவைக் கேட்கிறார்கள். வர்க்கம் பற்றி வெளிப்படையாகப் பேசும் பழக்கம் அதற்கும் முந்தையது. எனவே பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகங்களுக்கு இனத்தைக் கண்டுபிடித்துக் காட்டும் வேலை இல்லை. அவற்றுக்குள்ள தொல்லை, கருப்பினப் பையன் என்றாலே கத்தியும் போதையும் என்ற வார்ப்பு.

2011இல் சேனல் 4 தொலைக்காட்சியில் தொடங்கிய 'டாப் பாய்' தொடர் அந்த வார்ப்புக்குள் இருந்துகொண்டே அதை முறிக்கப் பார்த்தது. கிழக்கு லண்டன் ஹாக்னியில் ஒரு கற்பனைக் குடியிருப்பு. அம்மா மனநலச் சிகிச்சைக்குப் போய்விட, தனியாக நிற்கும் 13 வயது ரானெல். அண்டைவீட்டுக் கர்ப்பிணிப் பெண் கஞ்சாச் செடி வளர்ப்பது பேராசையால் அல்ல, அந்த இடத்தைவிட்டுக் குடிபோகப் பணம் வேண்டும் என்பதால். இங்கும் முகவரிதான் கதை.

2025 மார்ச்சில் வந்த 'அடோலசென்ஸ்' தொடர் இன்னொரு முனை. பள்ளித் தோழியைக் கொன்றதாகக் கைதாகும் 13 வயது ஜேமி வெள்ளைப் பையன். அப்பா குழாய் வேலை செய்பவர். வீட்டில் அடிதடி இல்லை, பட்டினி இல்லை. உடனே சமூக ஊடகத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது: நிஜக் குற்றவாளி கருப்பன், வேண்டுமென்றே நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்று. எழுத்தாளர் ஜாக் தோர்ன் இதை மறுத்தார். தொடர் எந்த ஒரு தனி வழக்கையும் எடுத்துச் சொல்வதல்ல. இருந்தாலும் அந்தப் புகாரே ஒரு சாட்சி. கத்தியேந்திய சிறுவன் என்றால் எந்த முகம் வர வேண்டும் என்று பலர் மனதில் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வழக்கை விசாரிக்கும் அதிகாரியாக வருபவர் ஆஷ்லி வால்டர்ஸ். 'டாப் பாய்' தொடரில் போதை வியாபாரி டுஷேனாக நடித்தவர். அந்த அதிகாரிக்கு இன்ஸ்டாகிராம் ஸ்மைலிகளின் அர்த்தம் புரியவில்லை. அதே பள்ளியில் படிக்கும் அவர் மகன்தான் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு விளக்குகிறான்.

யார் கையில் கேமரா

இந்தப் படங்கள்மீது அந்தந்தக் குடியிருப்பு மக்களே வைக்கும் புகார்கள் சில:

1. எடுப்பவர் வெளியாள். காந்தேவோ ஒடியாரோ அங்கே வாழ்ந்தவர்கள் இல்லை. சியாமா வெள்ளைக்காரர், கருப்பினப் பெண்களின் கதையைச் சொல்ல அவருக்கு என்ன உரிமை என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எனக்கு இது முழு நியாயமாகப் படவில்லை, ஆனால் உதறித்தள்ளவும் முடியவில்லை.

2. கலவரம் இருந்தால்தான் காசு கிடைக்கும். தேர்வுக்குப் படிக்கும் பெண்ணைப் பற்றிய கதைக்குத் தயாரிப்பாளர் கிடைப்பது கடினம்.

3. பெண்கள் காணாமல்போகிறார்கள். 'லா ஹெய்ன்' படத்தில் தங்கைகளும் பாட்டிகளும் வருகிறார்கள், அவ்வளவுதான்.

முதல் புகாருக்கு நேரடிப் பதிலாக வந்தவர் லாஜ் லி. மோன்ஃபெர்மேய் நகரின் பொஸ்கே குடியிருப்பில் வளர்ந்தவர். போலீஸ் அடிப்பதைத் தன் கேமராவில் பதிவு செய்து வெளியிட்டவர். 2005இல் பக்கத்து ஊரான கிளிஷி-சூ-புவாவில் போலீஸுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த 17, 15 வயதுப் பையன்கள் இருவர் மின்சாரம் தாக்கி இறந்தபோது, நாடெங்கும் மூண்ட கலவரத்தை உள்ளேயிருந்து பார்த்தவர். அவருடைய 'லே மிசெராப்ல' (2019) கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. 2018 உலகக் கோப்பை வெற்றியைக் கொண்டாட மூவர்ணக் கொடி போர்த்திப் பாரிஸுக்கு ஓடும் பிள்ளைகளோடு அது தொடங்குகிறது. அன்று அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், ஒரு கேள்வி இல்லை. சில நாட்களில் ஒரு சிறுவன் முகத்தில் போலீஸின் ரப்பர் குண்டு பாய்கிறது. இன்னொரு சிறுவன் மாடியிலிருந்து பறக்கவிட்ட டிரோனில் அது பதிவாகிறது. போலீஸார் துரத்துவது அந்தப் பதிவை. 1995இல் காருக்குள்ளிருந்து படம்பிடிக்கப்பட்டவர்கள், 2019இல் மேலேயிருந்து படம்பிடிக்கிறார்கள்.

இரண்டாவது புகாருக்கு அவர் பதில் சொல்லவில்லை. அவர் படமும் தீயில்தான் முடிகிறது. மூன்றாவதற்கு அடுத்த படமான 'பாத்திமோன் 5' (2023) ஓரளவு பதில். மின்தூக்கி பழுதானதால் சவப்பெட்டியைக் குறுகலான படிக்கட்டில் தூக்கி இறக்குவதில் தொடங்கும் அந்தப் படத்தின் நாயகி ஹாபி, நகராட்சியோடு மல்லுக்கு நிற்கும் இளம்பெண். எதிரி இந்த முறை போலீஸ் மட்டும் அல்ல, வரைபடமும் இடிப்பு உத்தரவும் வைத்திருக்கும் மேயர். 2003இல் வந்த நகரப் புதுப்பிப்புச் சட்டத்தின் கீழ் பிரான்ஸ் முழுக்கப் பழைய மாடிக் கட்டடங்கள் இடிக்கப்படுகின்றன. புதிதாக எழுபவை உயரம் குறைந்தவை, பார்க்க அழகானவை, பழைய பெரிய குடும்பங்களுக்கு எல்லா நேரமும் இடம் தருபவை அல்ல. இனி வரும் படங்களின் 15 வயதுப் பிள்ளைகள் அந்தக் குடியிருப்பில் பிறந்து, வேறு எங்கோ மாற்றிவிடப்பட்டவர்களாக இருப்பார்கள்.